பை காத்த கோல்கீப்பர்

சாரல் தொடங்கிவிட்டால் போதும், பக்கத்து ஊர்க் கல்லூரிகளுக்கெல்லாம் தென்காசிக்கு வந்து எங்களோடு கால்பந்து ஆட ஆசை வந்துவிடும். எங்கள் ஆட்டத்தின் அழகைப் பார்த்து அல்ல. காலையில் எங்களைத் தோற்கடித்துவிட்டு மத்தியானம் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகலாமே. வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போவது எங்கள் கல்லூரி வழக்கம். முதல்வராக இருந்த ஃபாதர் அதை விருந்தோம்பல் என்பார். உதைபட்டவனே உதைத்தவனுக்குத் துண்டு பிடிப்பதற்கு எனக்கு வேறு பெயர் தெரியும்.

நான் கடைசி வருடம் படித்த சீசனில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஃபாதர் ஜெபம் சொல்வார். பள்ளிவாசல் தெருக்காரனான நான்தான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொல்வேன். ஒன்றும் பலிக்கவில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் எதிராளிக்கு வழிவிடுவதைப் பார்த்தால், கல்யாண வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்பது போலிருக்கும். டீ குடிக்கப் போனால் கடைக்கார அண்ணாச்சி, "ஏலே தோத்தாங்குளி, இன்னைக்கு எத்தன?" என்பார். நான் கோல்கீப்பர். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

மற்றவர்களுக்கு அது வெறும் விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. வாப்பா சவுதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். எனக்கும் அங்கேயே விசா பேசி வைத்திருந்தார். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இங்கேயே போலீஸ் வேலைக்கு முயலலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி, அந்த ஒரு சீசனை அவரிடம் வாங்கியிருந்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு வந்த அணியின் கோச், பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்களில் ஒருவர். அன்று உயிரைக் கொடுத்து விழுந்து விழுந்து பிடித்தேன். முழங்கைத் தோல் உரிந்தது. ஒரு பெனால்டியைக்கூடத் தடுத்தேன். வழக்கம்போலத் தோற்றோம், அது வேறு விஷயம். ஆட்டம் முடிந்ததும் கோச் என்னைத் தேடி வந்து தோளில் தட்டினார்.

"ஏலே, கில்லாடியா இருக்கியே! ஒன் நம்பரக் குடு."

அவர் அதைத் தன் போனில் பதிந்துகொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் ஐந்தருவி. குரங்குகள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் என்பதால் யாராவது காவல் இருக்க வேண்டும். "நீதாம்லே கோல்கீப்பர், பாத்துக்கோ" என்று சிரித்தபடி கோச் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தந்தார். காலையில் அத்தனை பந்துகளை விட்டவன், ஒரு பையைக்கூட விடவில்லை. அவர்கள் அருவிக்கடியில் கூச்சல் போட்டுக் குளிக்க, நான் முழங்கை எரிய எரியக் குச்சியோடு நின்றேன். திரும்பும்போது நல்ல நேந்திரங்காய் சிப்ஸ் எங்கே கிடைக்கும் என்று கோச் கேட்டார். கடைவரைக்கும் கூடவே போய்க் காட்டினேன்.

அணியை அறிவித்தபோது என் பெயர் இல்லை. கோச்சுக்குப் போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை. உம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தார்.

வாப்பா வேலை பார்க்கும் கடையில்தான் இப்போது நானும் நிற்கிறேன். போன சாரல் சமயத்தில் ஒருநாள், கண்ணைத் திறக்க முடியாத வெயிலில் லாரியிலிருந்து தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் கோச்சின் குரல் பதிவு வந்திருந்தது. வெட்கங்கெட்ட மனசு, அப்போதும் படபடத்தது.

"தம்பி, நல்லாருக்கியா? ஐந்தருவில தண்ணி விழுதா? நம்ம பயலுவளக் கூட்டிட்டு வரலாம்னு பாக்கேன்."

நான் சவுதியில் இருப்பதைச் சொன்னேன். உடனே பதில் வந்தது.

"அப்படியா, சரி சரி. ஒங்க காலேஜ்ல இப்ப கோல்கீப்பர் யாரு? அவன் நம்பர அனுப்பு."