என் கைக்கு அளவான தூண்டில் கோல்

நீங்கள் இந்த மலரைக் கையில் வாங்கும்போது அண்ணனுடைய வருஷாந்தப் பூசை முடிந்திருக்கும். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிட வேண்டும், அதில் உடன்பிறந்தவளாகிய நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர் சொன்னார்கள். டீச்சரம்மாவுக்கு எழுத வராதா என்றும் கேட்டார்கள். எழுத வரும். மற்றதுதான் வரவில்லை. அடக்கத்தன்று நான் அழவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்கள் சொன்னது உண்மை. அன்று சவப்பெட்டியின் மூடி ஒரு பக்கம் சரியாகப் படியவில்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு வருஷமும் அப்படியே போயிற்று.

அண்ணன் பிறந்தது செஞ்சிப் பக்கம், வல்லத்தை அடுத்த ஒரு சிற்றூரில். அப்பா நிலமில்லாதவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் கிணறு வெட்டவும் கூலிக்குப் போனவர். ஊரில் பேதி கண்ட வருஷம் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அப்போது அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது, எனக்குப் பல் விழுந்துகொண்டிருந்தது. பங்குச் சுவாமியார் சிபாரிசு செய்து விழுப்புரம் ரயில்வேயில், பெட்டிகளுக்குக் கதவு ஜன்னல் பழுது பார்க்கும் தச்சு வேலையில் அண்ணனைச் சேர்த்துவிட்டார். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு வந்து, ரயில் பாதைக்கு அருகே ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தார். கேப்பைக் களி கிண்டிப் போட்டு என்னை வளர்த்தார். தலையும் அவரேதான் பின்னிவிடுவார். பெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல இழுத்து முடிவார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

நினைவு மலரில் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். அண்ணனிடம் கெட்டது என்று எதுவும் கிடையாது. கள், பீடி, சீட்டு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. பொய் சொல்ல மாட்டார். இது கேட்க நன்றாக இருக்கும், கூட இருந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா ஆசையாகக் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், "உப்பு ஜாஸ்திங்க" என்பார். அடுத்த முறை குழம்பு வராது.

அண்ணனுக்குத் தூண்டில் கோல் செய்கிறவர் என்று பெயர் வந்த கதை பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்த ஒரு துரை வெயில் காலத்தில் ஊட்டிக்குப் போவார். அங்கே குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டு வளர்த்த டிரவுட் என்கிற மீனைப் பிடிப்பது அவருக்குப் பைத்தியம். சீமையிலிருந்து வாங்கி வந்த அவருடைய கோல் ஒருநாள் முறிந்துபோனது. பட்லர் கையில் கொடுத்து அண்ணனிடம் அனுப்பினார். முறிந்த இடத்தை அண்ணன் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒற்றை மூங்கில் அல்ல, முக்கோணமாக இழைத்த ஆறு சீவல்களை வச்சிரப் பசையால் ஒட்டிச் செய்தது என்று. அடியில் கட்டைவிரல் பருமன், நுனியில் ஈர்க்குச்சிப் பருமன். அண்ணன் அதை ஒட்டிக் கொடுத்ததோடு விடவில்லை. தானும் ஒன்று செய்து பார்ப்பது என்று ஆரம்பித்தார்.

கண்டாச்சிபுரம் சந்தைக்கு மலையிலிருந்து கல்மூங்கில் வரும். மாட்டு வண்டிக்காரர்கள் தார்க்குச்சிக்கு வாங்குவது அதைத்தான். அண்ணன் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்ப்பார். கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், தோலில் கீறல் கூடாது, தட்டினால் மந்தமான சத்தம் வரக் கூடாது. முக்கால்வாசி மூங்கிலை ஒதுக்கிவிடுவார். கடைக்காரர், "பொண்ணு பாக்க வந்தா கூட இவ்ளோ பாக்க மாட்டாங்கப்பா" என்று சலித்துக்கொள்வாராம். வாங்கி வந்ததைப் பிளந்து கரித் தணலில் காட்டுவார். வறுத்த மல்லாட்டை வாசனை வந்ததும் எடுத்துவிடுவார். பிறகு இழைப்பது, ஒட்டுவது, ஆரணிப் பட்டு நூலால் இடையிடையே சுற்றிக் கட்டுவது, வார்னிஷ் பூசுவது. ரயில்வே ஷெட்டில் வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் இதே வேலை.

துரைக்குச் செய்து கொடுத்த கோல் நன்றாக அமைந்துவிட்டது. அதைப் பார்த்துத் துரைசாணி தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் சொன்ன குறை ஒன்றுதான். சீமைக் கோல்கள் எல்லாம் ஆண்பிள்ளை கைக்குச் செய்தவை, மத்தியானம் ஆவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது என்றார். இந்த மீனுக்குப் புழு மாட்டிக் கரையில் உட்கார்ந்திருக்க முடியாது. கொக்கியில் இறகைக் கட்டி ஈ மாதிரி செய்து, கனமான கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசி, தண்ணீரில் பூப்போல விழச் செய்ய வேண்டும். நாள் முழுக்க வீசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே கோலின் வளைவு எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எங்கே எவ்வளவு இழைத்துக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் பிடிக்கிற கையைப் பொறுத்தது. துரைசாணியை ஒவ்வொரு தடவையும் வரவழைக்க முடியுமா? அவர் என் உயரம், என் உடல்வாகு. அண்ணன் கோலை என் கையில் கொடுத்தார்.

கோடையில் ஊர் ஏரி வறண்டு கிடக்கும். விடிந்ததும் அங்கே போவோம். கொக்கிக்குப் பதிலாகக் கயிற்று நுனியில் ஒரு துணுக்குப் பஞ்சு கட்டியிருக்கும். நான் வீசுவேன், அண்ணன் பக்கவாட்டில் நின்று கோல் வளைவதைப் பார்ப்பார். நன்றாயிருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எங்க வலிக்குது?" என்றுதான் கேட்பார். மணிக்கட்டு என்றால் நுனியைக் குறைப்பார், தோள் என்றால் அடியைக் குறைப்பார். ஒரே மாதிரித் தெரியும் மூன்று கோல்களை வைத்து ஒன்றைப் பொறுக்கச் சொல்வார். நான் பொறுக்கியதையே மேலும் இழைப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து எனக்குச் சம்பந்தம் வந்தது. மல்லாட்டை உடைக்கிற மில் வைத்திருந்த குடும்பம். எங்கள் கோவில் உபதேசியார் நடுவில் நின்று பேசினார். மாப்பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. இதை இப்போதுதான் எழுத்தில் வைக்கிறேன், அவரே படித்தாலும் பாதகமில்லை. பேச்சு பெரும்பாலும் முடிந்துவிட்டது. இனி கோவில் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியதுதான் என்ற நிலையில், மாப்பிள்ளையின் அத்தை வேறு வேலையாக முதல் ரயிலில் விழுப்புரம் வந்தவர், பெண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. யாரோ ஏரிப் பக்கம் கை காட்டியிருக்கிறார்கள். அவர் கரைமேல் ஏறிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரி. நடுவில் நான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றை அடித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் என்னை விட்டுத் தள்ளி, ஒரு கருவேல மரத்தின் கீழ் உட்கார்ந்து கோல் ஒன்றுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்ததால் அத்தையின் கண்ணில் படவில்லை. அந்த அம்மா எங்களிடம் வரவே இல்லை, அப்படியே திரும்பிவிட்டார்.

அடுத்த வாரம் உபதேசியார் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. பாப்பாவுக்குப் பேய்க் கோளாறு இருக்குதுன்னு அங்க பேசிக்கினு இருக்காங்க. தண்ணியில்லாத ஏரியில தனியா நின்னுக்கினு சாட்டை அடிக்குதாம்."

"அது சாட்டை இல்லீங்க, தூண்டில் கோலு. நான்தான் வீசச் சொன்னேன்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே. அவங்க ஒண்ணும் வேணாம்னு சொல்லல. சுவாமியாருகிட்ட மந்திரிச்சி, சொஸ்தமாயிடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதுமாம். ஜல்தியா ஓலை வாசிச்சிடலாம்."

அண்ணன், "நோவு இல்லாதவள நோவு இருந்துச்சின்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றார்.

"ஒரு வார்த்த தானேப்பா."

"இல்லீங்க. அது ஆவாது."

உபதேசியார் போன பிறகும் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு திண்டிவனம் போனார். நேரில் காட்டிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் எண்ணம். நடந்ததை உபதேசியார்தான் பிறகு சொன்னார். மில்லுக்கு முன்னால் தெருவில் நின்று அண்ணன் கோலை எடுத்து வீசியிருக்கிறார். கோல் செய்யத் தெரிந்த அண்ணனுக்கு வீசத் தெரியாது. முதல் வீச்சில் கயிறு அவருடைய கழுத்தையே சுற்றிக்கொண்டது. இரண்டாவது வீச்சில் மில் கூரையின் ஓட்டில் மாட்டியது. தெருவே சிரித்தது. மாப்பிள்ளைதான் ஏணி வைத்து ஏறிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாராம். அண்ணன் வெட்கப்படவில்லை. "என் தங்கச்சி அளவுக்கு எனக்கு வராதுங்க. அது வீசுனா இந்தத் தெருக்கோடி வரைக்கும் போவும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளையின் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாராம். "பேய் புடிச்சிருந்தா ஓட்டிடலாம்பா. இதையே வேலையா பண்ணிக்கினு இருக்குதுன்னா, அதுக்கு என்னா பண்றது?"

சம்பந்தம் அதோடு முடிந்தது. மாப்பிள்ளைக்குக் கடலூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து, "சரிப்படலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார்.

மறுநாளும் ஏரிக்குப் போனோம். பெயர்தான் கெட்டாயிற்று, வேலையாவது நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வீசினேன். துரைசாணியின் கோல் முடிந்தது. மலைக்குப் போய்த் திரும்பியவர், கை வலிக்கவே இல்லை என்று பட்லர் மூலம் சொல்லி அனுப்பினார். அவரைப் பார்த்து வேறு துரைசாணிகளும் கேட்டார்கள். யுத்தம் நடந்த வருஷங்களில் மலைக்கு ஓய்வெடுக்கப் போகிற அதிகாரிகள் சிலரும் வாங்கினார்கள். பெண்களுக்குச் செய்த கோல்கள் எல்லாம் என் கைக்கு அளவு பார்த்துச் செய்தவைதான். நடுவில் நான் டீச்சர் டிரெய்னிங் முடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். எனக்கு இரண்டொரு இடம் வந்தது, விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். தங்கைக்கு ஆகாமல் தனக்கு வேண்டாம் என்று அண்ணனும் இருந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு கோல் கேட்டு யாரும் வரவில்லை. அண்ணன் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மிச்ச மூங்கிலில் கோவிலுக்கு விளக்கேற்றும் கோல்கள் செய்து கொடுத்தார்.

இவ்வளவு வருஷமும் எனக்கு அண்ணன்மேல் கோபம் இருந்தது. ஒரு மரத்துண்டை என் கையில் கொடுத்து எங்கே வலிக்கிறது என்று அத்தனை தடவை கேட்டவர், என் கல்யாணத்தைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் கேப்பையும் சோறும் உண்டு, ஒரே பூசைக்குப் போய் வந்தோம்.

சென்ற வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அவரைக் கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஷெட் தொழிலாளிகளுக்கும், வேளாவேளைக்கு வந்து பார்த்த டிரஸ்ஸர் ஐயாவுக்கும், நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் காவலிருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், வல்லத்திலிருந்து வந்து கடைசிவரை என்னோடு தங்கிய சித்தி மகளுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுத்த சுவாமியாருக்கும், அடக்கத்துக்கு வந்த உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். குழம்பைப் பற்றி அண்ணன் சொன்னதைப் பக்கத்து வீட்டு அம்மா மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன்.

சித்தி மகள் அன்று கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அண்ணன் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவள் பக்கத்தில் இருக்கும்போதே, என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு உபதேசியாரு வந்தப்ப உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணுமா நானு?"

"கேட்டிருக்கணும்ணா."

"கேட்டிருந்தா?"

"போயிருப்பேன். மந்திரிச்சிக்கினு வந்து, சொஸ்தமாயிடுச்சின்னு நானே சொல்லியிருப்பேன்."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

"ஆமாண்ணா."

அவர் தலையை ஆட்டினார். கஞ்சி கேட்டார். கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வெளியே வந்ததும் சித்தி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவக் கெடக்கிறவருகிட்ட இல்லண்ணான்னு ஒரு பொய் சொன்னா என்னா கொறஞ்சா பூடும் உனக்கு?" என்று கேட்டாள். சொல்லியிருக்கலாம். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். ஆனால் என்னைப் பற்றி ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று என் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்த மனிதர் அவர். அவருக்குப் போய் என்னிடமிருந்து ஒரு பொய்யைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஒரு வருஷமாகத் தனியாக இருக்கும்போது, இல்லண்ணா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்ல வரவில்லை. செபமும் வரவில்லை. அவருடைய ஆத்துமத்துக்காக நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள்.