மொட்டை மாடிக் கதவின் சாவி

திண்டிவனத்தில் எனக்கு ஒரு வாடகைக் கட்டடம் இருக்கிறது. அதன் மொட்டை மாடிக் கதவுக்கு இப்போது பூட்டு கிடையாது. உள்ளேயிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு தாழ்ப்பாள் மட்டும்தான். திருட்டுப் பயமாக இருக்கிறது, பூட்டு ஒன்று போடுங்கள் என்று குடியிருப்பவர்கள் கேட்பார்கள். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். காரணம் கேட்டால் வள்ளென்று விழுவேன்.

மூன்று தளம், ஆறு போர்ஷன். என் கணவர் ஓய்வு பெற்றதும் கட்டியது. அவர் போன பிறகு நான் விழுப்புரத்து வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சுவரில் ஆணி அடித்தால்கூட ஏன் என்று கேட்கிற ஆள் நான். முன்பெல்லாம் மாடி திறந்துதான் கிடந்தது. துணிக்கொடிக்குச் சண்டை வந்தது. யாரோ மல்லாட்டை காயவைத்து, அந்தக் கடலைத் தோல் போய் மழைநீர்க் குழாயை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் தேங்கியது. போதுமடா சாமி என்று நானே கடை ஏறிப் பொறுக்கி ஒரு கனமான பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். முதுகுக்குப் பின்னால் என்னைப் பூட்டு அக்கா என்று கிண்டல் செய்தார்களாம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். கணவன் லாரி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகள், நான்காம் வகுப்பு. ஒவ்வொரு ஞாயிறும் அவள் சாவியைப் பற்றிக் கேட்பாள்.

“ஒரு சாவி எங்ககிட்ட இருக்கட்டுங்க்கா. அவசரம்னா மேல போவலாம்ல.”

உனக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுத்த மாதிரி என்று அவள் வாயை அடைத்தேன். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியில் அடிக்கடி பொறி பறக்கிறது, அதை ஒட்டியே எல்லோரும் வண்டி நிறுத்துகிறார்கள் என்றும் சொன்னாள். அடுத்த மாதம் எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன் என்றேன். அந்த அடுத்த மாதத்தை எத்தனை மாதம் சொன்னேனோ தெரியவில்லை.

மே மாதம், பள்ளி விடுமுறை. காலை பதினோரு மணி இருக்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் அவள். பின்னால் தகரக் கதவை அடிக்கும் சத்தம்.

“அக்கா, கீழ வண்டிங்க எரியுது. படியெல்லாம் பொகை, எறங்க முடியல. நானும் பாப்பாவும் மாடிக் கதவாண்ட நிக்கிறோம். பூட்டியிருக்குதுக்கா.”

“அங்கயே இரு. சாவி எடுத்துக்கினு வர்றேன்” என்றேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரு மணி நேரப் பயணம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வாயில் வந்தது அதுதான். சாவி என்னிடம் இருக்கிறது, நான் போனால் கதவு திறக்கும் என்கிற அளவில்தான் என் புத்தி வேலை செய்தது. சரிக்கா என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கார் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் பக்கத்துக் கட்டடத்து மாடி வழியாக வந்து கதவை உடைத்திருந்தார்கள். கதவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து உண்டு. அதில் மகளின் மூக்கை வைத்து அழுத்தி, அவள்மேல் தாய் கவிழ்ந்து கிடந்தாளாம். மகள் பிழைத்துக்கொண்டாள். தாய் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

தீயணைப்பு அதிகாரி என்னைத் திட்டவில்லை. படிக்கட்டுக்குக் கீழே வண்டி நிறுத்த விட்டது, மீட்டர் பெட்டியைக் கவனிக்காதது, சாவி இல்லாமல் திறக்க முடியாத கதவு, எல்லாமே வீட்டுக்காரர் பொறுப்பம்மா என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எழும்போது, தனக்குத்தானே சொல்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னார். புகை மேலே போய்த்தான் அடையும். வீட்டுக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, ஜன்னலில் நின்றிருந்தால் ஏணி வைத்து இறக்கியிருக்கலாம். ஏன் அங்கேயே நின்றார்கள் என்றுதான் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. பூட்டியது நான்தான் என்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். போனில் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இப்போது மீட்டர் பெட்டி வெளிச்சுவரில் இருக்கிறது. படிக்கட்டில் ஒரு செருப்பு கிடந்தாலும் சத்தம் போடுகிறேன். தளத்துக்கு ஒன்றாகத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறேன். ஞாயிறுதோறும் கடைசிப் படி வரை ஏறுவேன். அங்கே கால் நின்றுவிடும். சுவருக்கு மூன்று முறை வெள்ளையடித்தாகிவிட்டது, இருந்தும் எனக்குப் புகை நாற்றம் வருகிறது. கதவடிச் சந்தில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருக்கும். அதை மிதிக்காமல் தாண்டித்தான் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

வருஷத் திதிக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனேன். மகள் அங்கேதான் வளர்கிறாள். துரத்துவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, நம்ம வூட்டுக்குள்ளயே போய்டலாம்மான்னு நான் சொன்னேன். அம்மாதான் வேணாம்னுட்டாங்க. பெரியம்மா வந்துக்கினு இருக்காங்க, வந்து நம்மளக் காணோம்னு தேடுவாங்கன்னாங்க.”

செம்பு என் கையிலேயே இருந்தது.

“அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க வந்தீங்களா?”

“வந்தேம்மா” என்றேன். பூட்டு இல்லாத அந்தச் சாவி அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.