தலத்தெருக் கிணற்றை அளக்கப் போனேன்

1984 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்கு நாகப்பட்டினத்தில் காரைக்கால் பேருந்து ஏறினேன். இருபது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். கைப்பையில் ஐந்தடித் தையல் டேப் இருந்தது.

என் மகள் மல்லிகா காரைக்காலில் பள்ளி ஆசிரியையாகச் சேரவிருந்தாள். போன கோடையில், கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, அவளுக்கு மஞ்சள்காமாலை. மூன்று நாள் டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. "தண்ணிதான் காரணம்" என்றார் பிறகு. விடுதித் தண்ணீர் என்று முடிவுகட்டினேன். இனி அவள் குடிக்கப் போகும் கிணற்றை நானே பார்த்துவிட வேண்டும்.

எட்டரைக்குக் காரைக்கால். தலத்தெருவுக்கு ரிக்‌ஷா மூன்று ரூபாய். வாடகை வீடு பார்க்க என்றேன். கையில் எடுத்த டேப்பைப் பார்த்த ரிக்‌ஷாக்காரர் சிரித்தார்.

"வாடகை வீட்டுக்கா டேப்பு? சட்டை தைக்கப் போறீங்களாம்மா அதுக்கு?"

மேற்குப் பார்த்த வீடு. நெல் சாகுபடி செய்யும் நடேசனும் அவர் மனைவி சரோஜாவும் கீழே குடியிருந்தார்கள். மாடி அறை வாடகைக்கு. கூடத்துச் சுவரின் மேல்பகுதியில் காற்றுத் திறப்புகள். விளக்கில்லாமலே செய்தித்தாள் படிக்க முடிந்தது. "பகல்ல லைட்டப் போட்டா இவ சண்டைக்கு வந்துடுவா" என்றார் நடேசன்.

அனுமதி பெற்ற வீட்டு வரைபடத்தை விரித்தார். கிணறு வடகிழக்கில், ஈசானிய மூலையில். கழிவறைக் குழி தென்மேற்கில், வாசல் பக்கம்.

"கெணத்துக்குத் தள்ளி வக்கணும்னாங்க, வச்சோம். வர்ற விருந்தாளிக்கு மொதல்ல கக்கூசத்தான் காட்டுவீங்களான்னு தெருவே சிரிச்சிச்சு."

அவர் ஒரு முனையைப் பிடிக்க, கிணற்றிலிருந்து குழிவரை அளந்தோம். பத்து முறைக்கு மேல் டேப் விழுந்தது, ஐம்பதடிக்குக் குறையாது. மனம் லேசானது. அறையைப் பார்க்க அவர்களோடு மாடியேறினேன்.

கிழக்குச் சன்னலைத் திறந்ததும், கிணற்றை ஒட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்டு மூடி தெரிந்தது.

"அது என்னங்க?"

"பின்தெரு வீட்டுக் கொல்லைங்க. அவங்க கக்கூசுக் குழி." சொல்லிவிட்டு நடேசனும் குனிந்து பார்த்தார். கிணற்றிலிருந்து பத்தடிகூட இருக்காது. "அவங்க கெணத்துக்கு அது தள்ளித்தாங்க இருக்கு" என்றார், மெதுவாக.

அந்த வீடு கிழக்குப் பார்த்தது. அதன் கொல்லை, இவர்களுடைய ஈசானிய மூலையில் வந்து முட்டுகிறது. அவர்கள் வரைபடத்திலும் குழி கிணற்றுக்குத் தள்ளித்தான் இருக்கும்; இரண்டு வரைபடமும் சரி. இரண்டும் மதிலோடு நின்றுவிடுகின்றன.

சரோஜாவும் சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "பத்து வருசமா இதத்தாங்க குடிக்கிறோம்." பிறகு, "ஒங்க பொண்ணு வரட்டும். தெருக் கொழாத் தண்ணி புடிச்சுக் காய்ச்சி வைக்கிறேன். எங்களுக்கும் இனிமே அதான்" என்றார். அந்தச் சொல்லை நம்பி அறையைப் பேசி முடித்தேன்.

மூன்று மணிப் பேருந்து. வாஞ்சூர் சோதனைச் சாவடியில் சாராய பாட்டில் தேடிப் பையைத் திறந்த காவலர் கையில் டேப் வந்தது. "டைலரம்மாவா?" என்றார். டேப்பை வாங்கிப் பையில் வைக்கும்போதுதான் நினைவு வந்தது. எங்கள் வீட்டுக் கிணறும் ஈசானிய மூலையில்தான். எங்கள் வீடும் மேற்குப் பார்த்ததுதான். மல்லிகா படுத்ததும் அந்தத் தண்ணீரை ஒரு மாதம் குடித்த பிறகுதான்.

வீட்டுக்கு வந்ததும், "கிணறு எப்படிம்மா?" என்று கேட்டுக்கொண்டே மல்லிகா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். மதிலுக்கு அப்பால், எங்கள் கிணற்றிலிருந்து எட்டடியில், மாலை வெயிலில், இத்தனை வருடம் கவனிக்காத ஒரு சிமெண்டு மூடி.