பாலம் இறங்கும்போது வந்த சத்தம்

எங்கள் மோட்டார் நாலு பேர் ஓட்டிக் கழித்த பழசு. கிளப்பினால் பானெட்டுக்குள்ளிருந்து சலசலவென்று ஒரு சத்தம் வரும். வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. புரியாத ஒன்றைச் சும்மா விடும் புத்தி எனக்கு ஆண்டவன் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு அதில்தான் போவேன். அங்கே அண்ணா வீட்டில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சொந்த மோட்டார் இருக்கிறதே என்றுதான் மாமியார் என்னை வாரந்தவறாமல் அனுப்பினார். குதிரை ஜட்காவில் போவதென்றால் அமாவாசைக்கு ஒரு தரம் விட்டாலே அதிகம்.

சத்தம் வலுக்கவே, என் கணவர் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு மெக்கானிக் சாயபுவை வரவழைத்தார். அவர் நீளமான திருப்புளியின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அடியில் பேரிங் போய்விட்டது, என்ஜினையே இறக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று என் கணவர் முடிவு கட்டிவிட்டார். அம்மாவை இனி எப்படிப் பார்ப்பது என்பதே என் கவலை. ஆனால் அந்தத் திருப்புளி வித்தையையும் மறக்க முடியவில்லை. இரும்பு பேசுமா என்ன?

மறுநாள் டிரைவரை என்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து மோர் கடையும் மத்தை எடுத்து வந்தேன். "அம்மா, விசிறி சுத்திகினு கீது. தலைப்ப இஸ்த்துச் செருகிக்கோங்க" என்றான் டிரைவர். செருகிக்கொண்டு, மத்தின் தலையை என்ஜின்மேல் ஊன்றிக் காம்பைக் காதில் வைத்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. முன்பக்கம், விசிறிக்குப் பின்னாலிருந்த மூடியில் வைத்ததும், அடேயப்பா, வளையல் பெட்டியைக் குலுக்கினாற்போல் காதை அடைத்தது. மோட்டாரிலும் வெண்ணெய் எடுக்கிறாயா என்று வாசலில் நின்ற மாமியார் கேட்டார். எடுத்தாலும் எடுப்பேன் என்றேன்.

வண்டிக்கு விலை மதிக்க சாயபு மறுபடி வந்தபோது, கெட்ட பேரிங் எப்போது சத்தம் போடும் என்று கேட்டேன். என்ஜின் திணறும்போது, அதாவது ஏற்றத்தில் கத்தும் என்றார்.

"எங்க வண்டி அடையாறு பாலம் ஏறும்போது வாயை மூடிண்டுடறது. இறங்கறச்சேதான் கத்தறது" என்றேன்.

சாயபு பானெட்டைத் திறந்து மறுபடி பார்த்தார். பிறகு தானே சிரித்துவிட்டு, நின்ற வண்டியில் கேட்டதுதான் பிசகு என்று சொல்லி, முன்மூடியைக் கழற்ற உட்கார்ந்தார். உள்ளே சைக்கிள் செயின்போல ஒன்று, அதைவிடத் தடி, இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது. மூடியின் உள்புறத்தில் அது உரசி உரசி வெள்ளிக்கோடு போட்டிருந்தது. ஏற்றத்தில் இறுகி நிற்கும், இறக்கத்தில் தொய்ந்து மூடியில் அடிக்கும் என்றார். கீழ்ச்சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் மேல்சக்கரம் ஒன்றுதான் சுற்றும், அதுதான் என்ஜினின் வால்வுகளை வேளை பார்த்துத் திறந்து மூடுகிறது என்று விளக்கினார். எனக்கு அடுப்பில் வைத்த பருப்புகூட மறந்துபோயிற்று. புதுச் செயின் வாங்கி வந்து, சக்கரங்களில் இருந்த அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்தி மாட்டினார். வண்டி பூனைபோல ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே, தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டியிருந்த ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். என் கணவர் பானெட்டைத் திறந்து, சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவர் கேட்டார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"சத்தம் நின்னுடுத்தே, ஏன்னா வித்தேள்?" என்றேன்.

"சத்தம் நின்னதாலதாண்டி நல்ல விலைக்குப் போச்சு" என்றார், என்னவோ எனக்குப் பரிசு கொடுப்பதுபோல.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். கிணற்றடியில் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதேன். வெள்ளிக்கிழமை வந்தது. நானே தெருமுனைக்கு நடந்துபோய் ஒரு ஜட்காவைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். யாரைக் கேட்டுக்கொண்டு கிளம்புகிறாய் என்றார் மாமியார். அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.