காலிப் பெட்டியின் கனம்

பண்டிகை முடிந்த வீட்டிலிருந்து எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது இஸ்திரிக்காரம்மாளின் சட்டம். ஆயுளில் பாதியைச் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு கழித்தவள் அவள். கிறிஸ்துமஸ் மரத்தைக் களையும் நாளில் அவளுடைய வீடும் ஒரு சலவைக்கடையாகிவிடும். கண்ணாடி உருண்டைகள் முட்டை அட்டைகளின் குழிகளில் ஒவ்வொன்றாகக் குடியேறும். எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகள், இஸ்திரிப் பெட்டியின் அடியில் தேய்த்து வழுவழுப்பாக்குவதற்காகக் கடைக்குப் போகும். பரிசு சுற்றிய காகிதத்தின்மேல் மெல்லிய துணியை விரித்து, மிதமான சூட்டில் தேய்த்து, மடிப்பே தெரியாமல் நிமிர்த்திவிடுவாள்.

"அத்தையை விட்டா, கிறிஸ்துமஸ் தாத்தாவோட தாடியைக்கூடத் துவைச்சு மடிச்சு வெச்சிடுவாங்க" என்று மருமகள் கேலி செய்வாள்.

"பஞ்சுதானே? தலைகாணிக்கு ஆகும்" என்பாள் மாமியார், தலை நிமிராமல்.

மரத்தடி நிறைவாகத் தெரிய வேண்டும் என்று அவள் கண்டுபிடித்த வழிதான் காலிப் பெட்டிகள். செருப்பு வந்த அட்டை, மின்விசிறி வந்த அட்டை என்று கிடைத்தவற்றையெல்லாம் வண்ணக் காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி அடுக்கிவிடுவாள். உள்ளே வெறும் காற்று. அவற்றை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே பரணுக்கு ஏறும். மறு ஆண்டு அப்படியே இறங்கும்.

இந்த ஆண்டு மரத்தை அலங்கரித்தவள் மருமகள். இஸ்திரிக்காரம்மாளுக்கு மனம் வரவில்லை. ஆனால் எடுத்து வைக்கும் வேலையை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறைத் தரையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தாள். கண் வழக்கம்போல் எதிர்ச்சுவரில் இருந்த வெற்று ஆணிக்குப் போயிற்று.

அந்த ஆணியில் முன்பு ஒரு கடிகாரம் தொங்கியது. சென்ற கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு அது நின்றுபோயிற்று. பஸ் ஓட்டுநரான அவள் கணவர், புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார்.

"இதுக்கு என்ன கேடு வந்துச்சு? ரிப்பேர் பண்ணா ஓடாதா?"

"பண்ணிப் பண்ணி, அதுல மிச்சம் இருக்கறது முள்ளு ரெண்டுதான்."

"எனக்கு அந்த முள்ளு போதும். புதுசு வாங்கிட்டு வந்தீங்க, அந்த ஆணியில உங்க சட்டையைத்தான் மாட்டுவேன்."

அவர் 'ச்சு' என்று நாக்கைத் தட்டிவிட்டு வெளியே போனார். எரிச்சல் வந்தால் அவருக்கு அதுதான் பேச்சு. மறுநாள் ஆணியில் கடிகாரம் இல்லை. கோபத்தில் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைத்து அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பண்டிகை முழுவதும் அந்த வீட்டில், சாப்பிட வாருங்கள் என்பதற்கு மேல் பேச்சு இல்லை. ஒரே ஒரு முறை மரத்தடியைக் காட்டி, "அந்தப் பெட்டியெல்லாம் ஒரு தடவை எடுத்துப் பாரேன்" என்றார்.

"காலிப் பெட்டியில என்னத்தைப் பாக்கறது?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புத்தாண்டு பிறக்கும் முன்பே, பணிமனைக்குக் கிளம்பியவர் வாசற்படியில் சரிந்தார். அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மரத்தைக் களைந்து பெட்டிகளைப் பரணில் ஏற்றியவர்கள், துக்கத்துக்கு வந்த உறவினர்கள்.

கோபம் ஆறாமலே போய்விட்டார் என்ற எண்ணம் அவளை அரித்தது. அதற்கு ஏற்றாற்போல் பரணிலிருந்து சத்தமும் வரத் தொடங்கியது. ச்சு, ச்சு, ச்சு. மருமகளுக்கும் அது கேட்டது, பல்லி என்றாள். இஸ்திரிக்காரம்மாளுக்கா தெரியாது, அது யாருடைய நாக்கு என்று? தனியாக இருக்கும்போது அண்ணாந்து பார்த்து, "வாயை விட்டுத் திட்டிடுங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்தாள். சத்தம் அதே நிதானத்தில் தொடர்ந்தது.

இப்போது பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று தாழ்ந்தது. நீலக் காகிதம் சுற்றிய பெட்டி ஒன்று கனத்தது.

"இதுல என்ன வெச்சே?"

"நான் எதுவும் வெக்கலை, அத்தை. பரண்லேர்ந்து எறக்கறப்பவே கனமாத்தான் இருந்துச்சு. நீங்க ஏதோ வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவள் ரிப்பனைப் பார்த்தாள். பூப்போல் விரியும் அவளுடைய முடிச்சு இல்லை அது. பஸ்ஸின் கூரையில் மூட்டை கட்டுபவர் போடும் முரட்டு முடிச்சு.

"பிரிங்க அத்தை, சீக்கிரம்!"

"இரு. காகிதம் கிழியக் கூடாது."

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஒட்டிய இடத்தின்மேல் துணியை வைத்து மெல்ல ஒற்றினாள். பசை இளகிற்று. உள்ளே இருந்தது அந்தக் கடிகாரம். பழைய முகம், பழைய முட்கள். முதுகில் மட்டும் புத்தம்புதிய இயந்திரம். அவள் சொன்னபடியே பழுது பார்த்து, அவள் தேய்த்து வைத்த காகிதத்திலேயே சுற்றி, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று மரத்தடியில் வைத்திருக்கிறார். அவர் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. அவள் எடுத்துப் பார்க்கும் நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். அவள்தான் பார்க்கவில்லை. கோபம் ஆறாதவள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டே அவர் படியிறங்கியிருப்பார்.

மருமகள் கடிகாரத்தைத் திருப்பினாள். பேட்டரி கசிந்து, பச்சை பூத்து, இறுகிக் கிடந்தது.

"அப்ப இதுதானா அந்தப் பல்லி! அதான் மழைக்காலத்துலயே சத்தம் நின்னுபோச்சு."

"நின்னுபோச்சா?"

"எப்பவோ நின்னுபோச்சே, அத்தை. பல்லி செத்துப்போச்சுன்னு உங்க பிள்ளைகிட்டக்கூடச் சொன்னேனே."

இஸ்திரிக்காரம்மாள் பரணைப் பார்த்தாள். அன்று காலை காபி கலக்கும்போதுகூட அவளுக்கு அது கேட்டது. முந்தைய நாளும் கேட்டது.

பச்சையைச் சுரண்டிப் பேட்டரியைக் கழற்றிப்போட்டுவிட்டு, கடிகாரத்தை ஆணியில் மாட்டினாள். வேறு பேட்டரி போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு நீலக் காகிதத்தை நிமிர்த்தி, வெறும் பெட்டியை மறுபடியும் சுற்றி, பழைய முடிச்சையே போட முயன்றாள், வரவில்லை. தன் முடிச்சையே போட்டு, ஸ்டூலின்மேல் நின்ற மருமகளிடம் நீட்டினாள்.

"காலிப் பெட்டியைப் போய் ஏன் அத்தை ரெண்டு கையால தூக்கறீங்க?" என்று சிரித்தபடி மருமகள் அதை ஒற்றைக் கையால் வாங்கிப் பரணின் இருட்டுக்குள் தள்ளினாள்.

ச்சு.

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெட்டிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரம்மாள் அண்ணாந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"பாத்துட்டேங்க."