மத்தியானத்தில் அழும் அறை

போன செவ்வாய்க்கிழமை பேய் பார்க்கப் போனேன். அதுவும் பட்டப்பகலில்!

பதுளையில் நான் முன்பு உத்தியோகம் பார்த்த பழைய அரசாங்கக் கந்தோரை மியூசியமாக்கியிருக்கிறார்கள். அதன் பின்னறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் அழுகிறாளாம். ஊழியர்கள் பயந்துவிட்டார்கள். அறையைப் பூட்டிவிடலாமா என்று பொறுப்பதிகாரி யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பழக்கமானவர். "ஒருநாள் இருந்து பாருங்களேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில்... கேட்டது. மெல்லிய விம்மல்.

உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், தரையில் உட்கார்ந்திருந்தார் சரசு. அங்கே கூட்டித் துடைப்பவர். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். அறுபதை நெருங்கும் வயது.

என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சேர்."

பெட்டிக்குள், தோட்டத் தொழிலாளர் குடியுரிமை கேட்டு அந்தக் காலத்தில் கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பம் ஒன்று. அதில் ஒட்டிய குடும்பப் படம்.

"அப்பா பேரு, தோட்டத்துப் பேரு எல்லாம் இருக்கு சேர். அம்மா இடுப்புல இருக்கிறது நான். எனக்கு மூணு வயசுல அம்மா செத்துப்போச்சு. வேற போட்டோ இல்லை."

"இதை ஏன் சொல்லவில்லை?"

"அரசாங்கச் சாமான், கிட்டப் போகாதேன்னு சொல்லிட்டா? பேயின்னு நெனைச்சா யாரும் வர மாட்டாங்க. அரை மணி நேரம் அம்மாகூட இருப்பேன்."

குனிந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஒரு விண்ணப்பத்தை வாங்கி, முத்திரை குத்தி, அலமாரியில் வைத்தோம். அதற்குள் யாருடைய அம்மா இருக்கிறார் என்று யார் பார்த்தோம்?

அவரைச் சம்மதிக்க வைத்து, அதிகாரியிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். அவர் எங்களோடு பின்னறைக்கு வந்தார். பிறகு சாவியை எடுத்துப் பெட்டியைத் தானே திறந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

சரசு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழவில்லை.

"சின்னப் புள்ளையா இருக்காங்களே சேர்... என் மக வயசுகூட இல்லை."

இதை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தார்.

"எழுதுங்க. எங்கம்மா அழகா இருந்தாங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க."

போடுகிறேன். பொய்யில்லை... அழகாகத்தான் இருந்தார்.