பௌர்ணமியன்று சர்வர் நிறுவிய கதை

"ஓப்பன் சோர்ஸ்தானே, எல்லாம் நெட்ல சும்மா கிடக்கு, இறக்கிக்கோங்க" என்றார் சென்னையிலிருந்த என் டீம் லீடர். ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் வேலைக்காக என் லேப்டாப்பைத் தயார் செய்ய வேண்டும். தேவையான சாஃப்ட்வேர் லைப்ரரிகளை பென்டிரைவில் அனுப்பச் சொல்லி முன்பே கேட்டிருந்தேன். சிரித்தார், அவ்வளவுதான்.

நான் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம். பௌர்ணமியன்று வருகிற கூட்டமெல்லாம் கையில் போனோடுதான் மலையைச் சுற்றும், டவர் படுத்துவிடும். அன்றும் பௌர்ணமி, காலையிலேயே படுத்துவிட்டது. ஒரு லைப்ரரி பாதியில் நிற்கும். அதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அதுவும் பாதியில் நிற்கும். லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மொட்டை மாடியில் ஏறி, ஒரு கோடு சிக்னல் கிடைத்த நேரத்தில் டீம் லீடருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டவர் இல்லன்னு சாக்கு சொல்லாதீங்க. வேலை செய்யணும்னு நினைச்சா முடியும்" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி கேட்டைத் தட்டியது அவரேதான். மத்தியானம் லீவு போட்டுவிட்டுக் கிரிவலம் வந்திருக்கிறார். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி.

"கூட வந்தவங்கள காணோம். போன் பண்ணலாம்னா டவரே இல்லீங்க."

"சாக்கு சொல்லாதீங்க சார்" என்று கேட்டைச் சாத்தினேன்.